இரட்டைக் கோடு

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துகொள்ளுங்கள் சார். எனக்கு இந்தத் தட்டை மடியில் வைக்க இடம் இருந்தால் போதும். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு பட்டு வேட்டி. தாய்மாமன் தட்டு. பேட்டையில் என் அக்கா வீட்டில் இன்றைக்கு நிச்சயதாம்பூலம். அக்கா மகன் ஆவுடையப்பனுக்கு. தாய்மாமன் நான் போய் இந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் அங்கே அடுத்த காரியம் நடக்கும். கொடுப்பேனா மாட்டேனா என்பது வேறு விஷயம். பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறும்போது கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் ஏறினேன்.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். முப்பத்து நான்கு வருஷம் மாவு மில்லுக்குள் நின்ற காது இது. பழத்துக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கவரா? அதைத்தான் நானே சொல்ல வந்தேன். அது என் மகள் கோமதியின் பள்ளிக்கூட அசைன்மெண்ட். சிரிக்காதீர்கள். ஒரு கல்யாணத்தை நிறுத்திய அசைன்மெண்ட். சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிறீர்கள், படித்தவராகத் தெரிகிறீர்கள். எடுத்துக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

ஊரடங்கு போட்டு ஊர் அடைந்து கிடந்த வருஷம் கோமதி பிளஸ் டூ. உயிரியல் படித்தாள். பள்ளிக்கூடம் பூட்டு. பாடம் போனில் வரும் என்றார்கள். வீட்டில் போன் ஒன்றே ஒன்று, அது மில் போன். டீச்சர் "இதயத்துக்கு நாலு அறை" என்று ஆரம்பிப்பாள், நடுவில் எவனாவது கூப்பிட்டு "அண்ணாச்சி, மிளகாய் அரைச்சாச்சா?" என்பான். அந்த லட்சணத்தில் படிப்பு.

டீச்சர் பேர் ஜெனிட்டா. நாசரேத் பக்கத்துப் பெண். வயது இருபத்தாறு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவள் எனக்குக் கல்யாணத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். அது வரும்.

நேரில் பாடம் நடத்த முடியவில்லையே, அதற்குப் பதில் அசைன்மெண்ட் என்று வாரத்துக்கு ஒன்று அனுப்புவாள். முதல் வாரம், பாசிப்பயறை முளைகட்டி, முளையைத் தினமும் ஸ்கேல் வைத்து அளந்து எழுத வேண்டும். பயறு முளைக்கும் என்று கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிக்க வேண்டுமா சார்? இரண்டு கிண்ணம் வைத்திருந்தாள். ஒன்று வெளிச்சத்தில், ஒன்று அலமாரிக்குள். மூன்றாம் நாள் காலையில் அலமாரிக்குள் இருந்ததை எடுத்து வெங்காயம் போட்டுத் தாளித்துச் சாப்பிட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்ததாம்.

அடுத்த வாரம் செம்பருத்தி. நெடுக்காக அறுத்து உள்ளே இருப்பதைப் படம் வரைய வேண்டும். அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் செம்பருத்தி அறுத்தால் என்ன ஆகும்? எங்கள் தெரு அம்மன் அன்றைக்கு அரளியோடு இருந்தாள். அதற்கும் அடுத்த வாரம், வீட்டில் உள்ள எல்லோருடைய நாடித் துடிப்பையும் படியேறுவதற்கு முன்னால், ஏறிய பின்னால் என்று எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் படி கிடையாது. மில்லில் மூட்டை இறக்குகிற மேடையில் என்னை ஏறச் சொன்னாள், இறங்கச் சொன்னாள். ஏறி இறங்கினேன். கம்பு அரைக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இதெல்லாம் ஒரு படிப்பு, இதற்கு மார்க்கு.

மற்ற பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்கிறீர்கள்? ஒருத்தன் எழுதுவான், நாற்பது பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள். எல்லார் வீட்டு முளையும் மூன்றாம் நாள் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு வீட்டில்கூடப் பயறு அழுகவில்லை. அந்த டீச்சர் அதற்கும் பச்சை டிக் போட்டு அனுப்புவாள்.

என் மகள் பார்த்து எழுதவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அழுகியது என்றால் அழுகியது என்று எழுதுவாள். அப்பா தின்றுவிட்டார் என்றுகூட எழுதி அனுப்பினாள். ஊருக்கே தெரிந்துபோயிற்று.

படம் வரைகிறவன் மட்டும் வேறு. அவன் என் மகன் சண்முகவேல், கோமதிக்கு அண்ணன். அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. மில்லில் என்னோடுதான் நிற்கிறான். கல் சூடேறினால் எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். மெஷின் மேல் கையை வைத்து நிற்பான், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் அவன் மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் பத்து வரை படித்தான். கை சுத்தம். கோடு போட்டால் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். செம்பருத்தியை அவன் வரைந்து கொடுத்ததைப் பார்த்து டீச்சர், இது யார் வரைந்தது என்று கேட்டாளாம். அண்ணன் என்று கோமதி சொல்லியிருக்கிறாள். அதற்கு ஒரு நட்சத்திரம் அனுப்பினாள், அண்ணனுக்கு என்று எழுதி. படிக்கிறவள் ஒருத்தி, வரைகிறவன் ஒருத்தன், பரிசு மூன்றாவது ஆளிடம் இருந்து. என்ன பள்ளிக்கூடமோ.

அவனுக்குக் காது ஏன் போனது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். மில்தான் காரணம். அவன் அம்மா செல்லக்கனி கர்ப்பமாக இருந்தபோது மில்லுக்குள் வந்து வந்து போவாள். அந்த இரைச்சல் வயிற்றுப் பிள்ளையின் காதை அடித்துவிட்டது. செல்லக்கனி போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் என் சொந்த அக்கா மகள். இன்றைக்கு நிச்சயம் நடக்கிறதே, அந்த ஆவுடையப்பனுக்கு உடன்பிறந்த அக்கா. அப்படியென்றால் அவன் எனக்கு மருமகனும் ஆயிற்று, மைத்துனனும் ஆயிற்று. என் மகள் கோமதிக்குத் தாய்மாமன். கோமதி பிறந்த அன்றைக்கே அவனுக்குத்தான் இவள் என்று அக்கா வேலம்மாள் சொல்லிவிட்டாள். பேசி வைக்க வேண்டிய அவசியமே கிடையாது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்று யாரும் பேசி வைப்பதில்லையே.

இப்போது அசைன்மெண்டுக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம், நல்ல மழை. கோமதி ஒரு வரைதாளை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். "அப்பா, நம்ம குடும்பத்துல மூணு தலைமுறை வேணும். யார் யாரைக் கட்டினாங்க, யாருக்கு யார் பிறந்தாங்க, சொல்லுங்க" என்றாள். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஒரு மரியாதை வந்தது. இதைக் கேட்டாளே என்று. எங்கள் வம்சத்தை என்னைப் போல யாராலும் சொல்ல முடியாது. மோட்டாரை நிறுத்தினேன். அரைக்க வந்தவர்களை அப்புறம் வா என்று அனுப்பினேன். மூட்டை மேடையில் தாளை விரித்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் சண்முகவேலுக்குக் கையால் சொல்வாள், அவன் ஸ்கேல் வைத்துப் போடுவான். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். கட்டினவர்களுக்கு நடுவில் ஒரு கோடு.

என் அப்பா, அம்மா என்று ஆரம்பித்தேன். "தாத்தாவுக்கு ஆச்சி என்ன முறைப்பா?" என்று கேட்டாள். அப்பாவும் அவருடைய அக்கா மகளைத்தான் கட்டினார், அதுதான் என் அம்மா. அதைச் சொன்னதும் கோமதி அண்ணனுக்கு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அவன் கோட்டை இரட்டையாகப் போட்டான். இது என்ன என்றேன். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இரட்டைக் கோடு, அசலில் கட்டினால் ஒற்றைக் கோடு, உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்றாள்.

கேட்டீர்களா சார்? உலகம் முழுக்க. நம்முடைய முறைக்கு வெள்ளைக்காரனும் தனி மரியாதை வைத்திருக்கிறான். எவனோ எவளையோ கட்டினால் ஒற்றை, நாம் கட்டினால் இரட்டை. ஒற்றைக் கயிறு மூட்டையைத் தாங்குமா, இரட்டைக் கயிறு தாங்குமா? நான் அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அக்கா வேலம்மாள் எங்கள் அத்தை மகனைக் கட்டியது, அதற்கு ஒரு இரட்டை. நான் செல்லக்கனியைக் கட்டியது, அதற்கும் இரட்டை. அங்கேதான் வேடிக்கை. வேலம்மாள் எனக்கு அக்கா, என் மனைவிக்கு அம்மா. அவளை எந்த வரிசையில் வைப்பது? அவளுக்குக் கீழ் வரிசையில் இருக்கிற மகளுக்கு, அவள் பக்கத்திலேயே தம்பியாக இருக்கிற நான் புருஷன். கோடு சாய்வாகப் போயிற்று. கோமதிக்கு வேலம்மாள் அத்தையும்தான், ஆச்சியும்தான். இதை அனுப்பியதும் டீச்சர் தலை சுற்றி, ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணிவிட்டாயா என்று கேட்டாளாம். சொந்தம் என்றால் என்னவென்று தெரிந்தால்தானே.

அதற்குப் பிறகு கோமதி, ஏதாவது ஒரு குறை வழிவழியாக வந்திருந்தால் அந்தக் கட்டத்தைக் கறுக்க வேண்டும் என்றாள். எங்கள் வம்சத்தில் குறை கிடையாது என்றேன். "காது கேக்காதது?" என்றாள். அது வழிவழியாக வந்தது இல்லை, அது அது தனித்தனிச் சம்பவம். அதையும் நான் மறைக்கவில்லை. என் தம்பி முத்தையாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் காது போயிற்று. அக்காவின் மூத்த மகள் பொன்னுத்தாய்க்கு, கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது போயிற்று, அக்கா அப்போது நிறைமாதம். பொன்னுத்தாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாவது இவன். அவ்வளவுதான். மூன்றே பேர்.

கோமதி முத்தையாவின் கட்டத்தைக் கறுத்தாள். பொன்னுத்தாயின் வட்டத்தைக் கறுத்தாள். அண்ணனின் கட்டத்துக்கு வரும்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். சண்முகவேல் அவள் முகத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். பென்சிலை எடுத்தான். அவனே அவன் கட்டத்தைக் கறுத்தான். சும்மா கறுத்தால் போதாதா? அழுத்தி அழுத்தி, ஒரு மூலையில் தாள் கிழிந்தேவிட்டது. பாருங்கள், இந்த இடம். நல்ல கெட்டித் தாள் சார். மடையன்.

இன்னொன்றும் செய்தோம். இதுதான் எனக்கு இன்றைக்கும் பெருமை. மூன்று தலைமுறை முடிந்துவிட்டது என்று கோமதி தாளை மடக்கப் போனாள். அது எப்படி முடியும்? உன் வட்டம் எங்கே, ஆவுடையப்பன் எங்கே, போடு இரட்டைக் கோடு என்றேன். "இன்னும் நடக்கலையேப்பா" என்றாள். நடக்கத்தானே போகிறது, போடு என்றேன். அவள் போடவில்லை. சண்முகவேலின் கையைப் பிடித்து அவள் வட்டத்தைத் தொட்டு, ஆவுடையப்பன் கட்டத்தைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினேன். அவன் தங்கச்சியைப் பார்த்தான். பிறகு போட்டான். நாலாவது இரட்டைக் கோடு. நான் போடச் சொல்லிப் போட்டது.

வண்டி எதற்கு நிற்கிறது? ஆலங்குளமா? இன்னும் நேரம் இருக்கிறது.

படத்தை அனுப்பி ஒரு வாரம் இருக்கும், டீச்சர் கூப்பிட்டாள். கோமதியை இல்லை, என்னை. "ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கோமதிக்குத் தாய்மாமனையே பேசி வச்சிருக்கீங்கன்னு படத்துல பார்த்தேன்" என்றாள். ஆமாம் என்றேன். "கல்யாணத்துக்கு முன்னால ஒரே ஒரு தடவை, இந்தப் படத்தை ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க ஐயா. நான் வேண்டாம்னு சொல்ல வரலை" என்றாள்.

எனக்கு எப்படி இருக்கும்? என் வீட்டு வம்சத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கே புத்தி சொல்கிறாள். நான் சத்தம் போடவில்லை. "டீச்சர், நீங்க செம்பருத்தியை அறுக்கிறதோட நிறுத்திக்கிடுங்க" என்று மட்டும் சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நல்ல பதில் சார் அது.

தையில் பள்ளிக்கூடம் கொஞ்ச நாள் திறந்தார்கள். நோட்டு, படம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துத் திருத்தி வாங்கி வந்தாள். பிறகு மறுபடி மூடினார்கள். கடைசியில் பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ் என்றார்கள். பயறைத் தின்றவனும் பாஸ், முளைக்க வைத்தவளும் பாஸ். சரி, பள்ளிக்கூடம் முடிந்தது, வருகிற ஆவணியில் பதினெட்டும் முடிகிறது, முடிந்த கையோடு கல்யாணம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். கோமதியிடமும் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. இரண்டு நாள் கழித்து, சாப்பாடு போடும்போது ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணனுக்குக் காது எதனாலப்பா போச்சு?"

"மில் சத்தம்னு தெரியும்லா."

"பொன்னுத்தாய் பெரியம்மா மில் பக்கமே வந்ததில்லையே."

"அது வேட்டுச் சத்தம்."

"முத்தையா சித்தப்பா?"

"காய்ச்சல்."

"மூணு பேருக்கு மூணு காரணமாப்பா?"

"ஆமா. அவங்கவங்க தலையெழுத்து. ரசத்தை ஊத்து."

ரசத்தை ஊற்றினாள். அத்தோடு முடிந்தது. அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை, புரிந்துகொண்டாள்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் வந்தான். பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். பைக்கில் பின்னால் அக்கா. தேதி பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, காப்பி போடச் சொன்னேன். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. அவன் நேரே மில்லுக்குள் வந்தான். ஏதோ சொன்னான், சத்தத்தில் கேட்கவில்லை. சண்முகவேல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மோட்டாரை அணைத்தான்.

"மாமா, நான் கோமதியைக் கட்டலை" என்றான்.

ஏன்லே என்றேன். போனை நீட்டினான். அதில் இந்தப் படம். "இது பள்ளிக்கூடப் பாடம்லே, உனக்கு எதுக்கு வந்துது?" என்றேன்.

"பாடம்னாலும் இதுல இருக்கிறது நம்ம வீடுதானே மாமா" என்றான். தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினான். "பிறந்ததுல இருந்து பொன்னுத்தாய் அக்கா கூட இருக்கேன். அது என்ன சொல்லுதுன்னு பார்க்கத் திரும்பித் திரும்பியே எனக்குக் கழுத்து அப்படியே பழகிப்போச்சு. நான் கடைக்குப் போயிட்டா வீட்ல அதுட்ட பேச ஆள் கிடையாது. அது எனக்குப் பாரம் இல்ல மாமா. ஆனா தெரிஞ்சுக்கிட்டே இன்னொண்ணைக் கொண்டுவர முடியாது."

தெரிந்துகொண்டே என்றால்? என்ன தெரிந்தது? நான் அவனைக் கேட்டேன், ஏலே, காயில் கட்டுறவன் எப்போலே டாக்டரானே என்று. அக்காவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சண்முகவேலைப் பார்த்து நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். சொல்லவில்லை. காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்கள். இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன்.

எனக்கு விஷயம் விளங்காமல் இல்லை. அவன் அசலில் யாரையோ பார்த்து வைத்துவிட்டான், சாக்குத் தேடினான், பள்ளிக்கூடத் தாள் கிடைத்தது. இன்றைக்கு நிச்சயம் ஆகிற பெண் வள்ளியூர்ப் பக்கம், ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அது இப்போதுதான், இரண்டு வருஷம் கழித்து அமைந்தது என்கிறார்கள். சொல்வார்கள்.

படம் அவன் போனுக்கு எப்படிப் போனது? அதையும் கேட்டேன். "நான்தான்பா அனுப்பினேன்" என்றாள் கோமதி. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். பாவம், பிள்ளை பயந்துவிட்டது, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டது. என் போனில் முதல் பெயரே ஆவுடையப்பன்தான். டீச்சருக்கு அனுப்ப வேண்டியது விரல் வழுக்கி அவனுக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு டீச்சருக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்கிறீர்களா? அதெல்லாம் அந்த டீச்சர் கேட்டிருப்பாள். கேட்கக்கூடியவள்தான். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பெண் பிள்ளையிடம் எவ்வளவுதான் கேட்பது.

இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கேயும் இதே பாடம்தான், விலங்கியல். சனி, ஞாயிறு வந்தால் அண்ணனும் தங்கச்சியும் மூட்டை மேடையில் உட்கார்ந்து கையாலேயே பேசிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றியாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் கைப்பேச்சு தெரியாது. இருபத்தைந்து வருஷமாக நான் கத்துவேன், அவன் புரிந்துகொள்வான். அது போதாதா?

நான் இன்றைக்கு இந்தத் தாளை எடுத்து வந்தது அவளுக்குத் தெரியாது. பேட்டை வீட்டில் இன்றைக்கு நாலு படித்தவர்கள் இருப்பார்கள். வள்ளியூர்க்காரர்களில் ஒருவர் ஹெட்மாஸ்டராம். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தட்டைக் கொடுக்காமல் இதை நடுவில் விரிக்கப் போகிறேன். இதில் என்ன தப்பு, எந்தக் கோட்டில் தப்பு, காட்டுங்கள் என்று கேட்கப் போகிறேன். காட்ட முடியாது. காட்ட முடியாவிட்டால் அவன் என் மகளுக்குத்தான். தாய்மாமன் தட்டு இல்லாமல் என் அக்கா தாம்பூலம் மாற்ற மாட்டாள், அது எனக்குத் தெரியும். ஏதோ நாசரேத்துக்காரி சொன்னதற்காக மூன்று தலைமுறையாக வந்த கோடு அறுந்துவிடுமா?

இந்தாருங்கள், பாருங்கள். தட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.

மேலே அப்பா, அம்மா. இது அக்கா. இது நான். கறுத்த மூன்றையும் விடுங்கள், அது தனிச் சம்பவம் என்று சொல்லிவிட்டேன். இந்த நாலு இரட்டைக் கோட்டைப் பாருங்கள். என்ன நேர்த்தி. மூலையில் சிவப்பில் பத்துக்குப் பத்து, டீச்சர் கையெழுத்து. அவளே முழு மார்க் போட்டிருக்கிறாள், பிறகு எதற்கு டாக்டர்?

எங்கே பார்க்கிறீர்கள்? கீழேயா?

ஆமாம், அது ஒன்று. நான் போடச் சொன்ன நாலாவது கோட்டுக்குக் கீழே. நான் மேடையில் பார்த்தபோது அது இல்லை, அனுப்புவதற்கு முன்னால் கோமதி போட்டிருக்கிறாள். கோட்டில் இருந்து ஒரு சின்னக் கோடு கீழே இறக்கி, கட்டமும் போடாமல் வட்டமும் போடாமல் ஒரு கேள்விக்குறி. தையில் நோட்டு திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். ஏன் முடிக்காமல் விட்டாய் என்று கேட்டதற்கு, "அதுக்கு மேல எனக்குத் தெரியலப்பா" என்றாள். தெரியாது என்று எழுதினால் பத்துக்குப் பத்து. இதுதான் சார் இன்றைய படிப்பு. முடிக்காத படத்துக்கு முழு மார்க்.

இதை இப்படியே கொண்டுபோய் விரித்தால் அந்த ஹெட்மாஸ்டர் முதலில் இதைத்தான் கேட்பார். நீங்களும் இதைத்தானே பார்த்தீர்கள். சண்முகவேலிடம் முடித்துக் கொடு என்று கேட்டேன். அவன் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டான். அதனால் உங்களைக் கேட்கிறேன். பேனா இருக்கிறதே. அந்தக் கேள்விக்குறி மேலேயே ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். வட்டமானாலும் சரி, எனக்குப் பேதம் கிடையாது. உள்ளே மட்டும் கறுத்துவிடாதீர்கள். வெள்ளையாகவே இருக்கட்டும்.

என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் போடுவது முறையில்லையா? சரி, கொடுங்கள். பேனாவைக் கொடுங்கள், நானே போடுகிறேன். என் வம்சம், நான் போடாமல் யார் போடுவார்கள்? இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடியுங்கள்.

பஸ் ஆடுகிறது. இதில் எங்கே கோடு போடுவது. சீதபற்பநல்லூர் விலக்கு ஸ்டாப்பில் டிரைவர் நிறுத்துவான், அங்கே போடலாம்.

இல்லை, அங்கேயும் உடனே எடுத்துவிட்டான்.

பேட்டை வந்துவிட்டதா? அதற்குள்ளாகவா? கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் பொறு, இறங்குகிறேன். ஒரே ஒரு கட்டம்தான். வண்டி நின்றுதானே இருக்கிறது.

இந்தக் கையைப் பாருங்கள் சார். நிற்கிற வண்டியிலும் ஆடுகிறது. மில்லில் நின்று நின்று வந்தது, வேறொன்றும் இல்லை.

இந்தாருங்கள் உங்கள் பேனா. கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும். அந்தத் தட்டைக் கொடுங்கள், வேட்டி கசங்கிவிடப் போகிறது. தாளா? தாளைப் பழத்துக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். வெளியே தெரியாமல்.